கினோவா கசக்குது, கொழையுது, அவரு சாப்பிட மாட்றாரு: குடியாத்தம் அக்காவுக்கு பதில்

குடியாத்தத்துல இருந்து ஒரு அக்கா நீளமா எழுதியிருக்காங்க, சுருக்கமா சொல்லிடுறேன். வீட்டுக்காரருக்கு 52 வயசு, சுகர் இருக்கு, மாத்திரை போடுறாரு. பெங்களூர்ல வேலை பாக்குற பையன் "அப்பா இனிமே அரிசிய தொடக்கூடாது"ன்னு சொல்லி 2 கிலோ கினோவாவ (அரிசி மாதிரி வேகவச்சு சாப்பிடுற ஒரு சின்ன வெதை) ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பிட்டான். அக்கா பொன்னி அரிசிக்கு வைக்கிற மாதிரியே ஒண்ணுக்கு மூணு தண்ணி வச்சு குக்கர்ல நாலு விசில் விட்டிருக்காங்க. விசில் வழியா நுரை பொங்கி அடுப்பெல்லாம் ஆயிடுச்சு, தெறந்து பாத்தா கொழகொழன்னு பேஸ்ட் மாதிரி இருக்கு, வாயில வச்சா லேசா கசப்பு. வீட்டுக்காரர் பையனுக்காக ஒரு தட்டு நிறைய சாப்பிட்டுட்டு "சாப்பிட்ட மாதிரியே இல்ல"ன்னு மறுபடி கொஞ்சம் சோறு போட்டு ரசம் ஊத்தி சாப்பிடுறாராம். மாமியார் "இது குருவிக்கு போடுறது"ன்னு சொல்லிட்டு அவங்க கேவுரு கூழுக்கே போயிட்டாங்க. அக்கா கேக்குறது: இது நெஜமாவே சத்தா, நம்ம வாய்க்கு புடிக்கிற மாதிரி எப்படி பண்றது, தினமும் சாப்பிடலாமா, சுகர்காரங்க எவ்ளோ வேணா சாப்பிடலாமா, மாமியாருக்கும் கூழ நிறுத்திட்டு இத குடுக்கலாமா, தீந்துட்டா திரும்ப வாங்கணுமா.

அக்கா, முதல்ல அந்த கசப்ப முடிச்சிடுவோம், ஏன்னா அது சரியானாதான் மத்ததெல்லாம் பேச முடியும். கினோவா மணி மேல சப்போனின்னு ஒரு பூச்சு இருக்கு, பூச்சியும் பறவையும் தின்னாம இருக்க அந்த செடியே வச்சிருக்கிற காவல் அது. நம்ம பூந்திக்கொட்டையில, சீயக்காய்ல நுரை வருதுல்ல, அதுக்கும் காரணம் இதே சப்போனின் வகைதான். உங்க குக்கர்ல பொங்குன நுரைல பெரும்பங்கு அது. பாக்கெட்ல போடுறதுக்கு முன்னாடி கம்பெனிலயே கழுவியோ தேய்ச்சோ எடுக்கிறாங்க, ஆனாலும் மிச்சம் இருக்கும், சில பாக்கெட்ல நெறையவே இருக்கும், அதனால "ப்ரீ வாஷ்டு"ன்னு எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. ஒரு பாத்திரத்துல போட்டு நல்லா கையால தேய்ச்சு அலசுங்க, தண்ணி சோப்பு தண்ணி மாதிரி கலங்கும், அத கொட்டிட்டு மறுபடி, நுரை நிக்கிற வரைக்கும். மணி ரொம்ப சின்னது, அரிசி களையுற மாதிரி சாய்ச்சா தண்ணியோட சிங்க்ல போயிடும், டீ வடிகட்டி பெருசா இருந்தா அதுல, இல்லன்னா பழைய வெள்ளை வேட்டித்துணில கொட்டி அலசிக்கோங்க. அப்புறம் ஒரு அரை மணி நேரம் ஊற வச்சு அந்த தண்ணியயும் கொட்டிடுங்க. மண்ணு வாசனை வருதுன்னு அண்ணன், அதான் உங்க வீட்டுக்காரரு, சொன்னதா எழுதியிருந்தீங்க, அதுக்கு வடிச்ச கினோவாவ வெறும் வாணலில அஞ்சு நிமிஷம் ஈரம் போயி வாசம் வர்ற வரைக்கும் வறுத்துக்கோங்க, கூடவே ரெண்டு சொட்டு நெய் விட்டா இன்னும் நல்லாருக்கும்.

தண்ணி விஷயத்துலதான் நீங்க மாட்டிக்கிட்டது. பொன்னி அரிசி குடிக்கிற தண்ணிய இது குடிக்காது. திறந்த பாத்திரத்துல வைக்கிறதா இருந்தா ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, உப்பு போட்டு கொதி வந்ததும் தீய நல்லா கொறைச்சு மூடி வச்சு 15 நிமிஷம். குக்கர்னா ஒண்ணுக்கு ஒன்றரை, ஒரே விசில், அடுப்ப அணைச்சுட்டு பிரஷர் தானா எறங்கட்டும், கரண்டிய விட்டு விசில தூக்காதீங்க. வெந்துடுச்சான்னு எப்படி தெரியும்னா ஒவ்வொரு மணிய சுத்தியும் வெள்ளையா நூல் மாதிரி ஒரு வளையம் பிரிஞ்சு வந்து நிக்கும், மொத தடவ பாக்குறவங்க புழுவோன்னு பயந்துடுறாங்க, புழு இல்ல, அது வெதையோட முளை. அது பிரிஞ்சு நடுமணி கண்ணாடி மாதிரி ஆயிட்டா வேகல் முடிஞ்சுது. உடனே கிண்டாம அஞ்சு நிமிஷம் மூடி வச்சுட்டு முள் கரண்டியால உதிர்த்து விடுங்க. ஒரு கப் போட்டா மூணு கப் ஒட்டி வரும், அதனால அளவா போடுங்க, நாலு பேருக்கு ஒரு கப் தாராளம்.

அப்புறம் அந்த கொழஞ்சு போனத கீழ கொட்டிட்டேன்னு வருத்தமா எழுதியிருந்தீங்க, இனிமே கொழஞ்சா கொட்டாதீங்க. கினோவாவோட சொந்த ஊரு தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலை, பெரு, பொலிவியா, டிட்டிகாகா ஏரி பக்கம், கடல் மட்டத்துல இருந்து 3,800 மீட்டர் ஒசரத்துல பல ஆயிரம் வருஷமா வெளையுது. அங்க இது ஜிம்முக்கு போறவங்க சாப்பாடு இல்ல, மலைல பாடுபடுற குடியானவங்க வீட்டு சாப்பாடு. பொலிவியால இத நல்லா கொழைய வேகவச்சு பாலும் சீஸும் சேத்து கடைஞ்சு சாப்பிடுறாங்க, உருளைக்கிழங்கு போட்டு சூப்பு வைக்கிறாங்க, பெருல லிமா நகரத்துல காலைல தெருவண்டில ஆப்பிள் போட்டு கொதிக்க வச்ச கினோவா கஞ்சிய டம்ளர்ல ஊத்தி விக்கிறாங்க, ஆபீஸ் போறவங்க நின்னு குடிச்சுட்டு போறாங்க. யூடியூப்ல பாத்துட்டு அவகேடோ, ஆலிவ் ஆயில், என்னென்னமோ இலை போட்டு சாலட் பண்ணாதான் கினோவான்னு நெனைச்சு நீங்க மலைச்சுப்போயிருக்கீங்க, அதெல்லாம் தேவையே இல்ல, குடியாத்தம் கடைத்தெருல கெடைக்கிறத வச்சே போதும்.

என்ன கேட்டா நீங்க மொதல்ல பண்ண வேண்டியது பொங்கல்தான். ஏன்னா பொங்கல் கொழஞ்சாதான் பொங்கல், அங்க தப்பாக வழியே இல்ல. கினோவா அரை கப், வறுத்த பாசிப்பருப்பு அரை கப், மூன்றரை கப் தண்ணி, இதுக்கு மட்டும் மூணு விசில் விடலாம். மிளகு சீரகம் கொஞ்சம் தட்டி, இஞ்சி, கறிவேப்பில, ரெண்டு ஸ்பூன் நெய்ல தாளிச்சு கொட்டுங்க, முந்திரிய எண்ணி போடுங்க. அரிசிப் பொங்கல்ல நாம பருப்ப கொஞ்சமாத்தான் போடுவோம், இதுல சரிபாதி பருப்பு போறதால நாலு பேருக்கு பிரிச்சாலும் ஆளுக்கு 9 கிராம் ஒட்டி புரோட்டீன் கெடைக்குது, காலை டிபனுக்கு அது நல்ல அளவு. தொட்டுக்க கத்திரிக்கா கொத்சு. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கா கெடைச்சா விடாதீங்க, நம்ம வேலூர் மாவட்டத்து காய், 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கிடுச்சு, தக்காளி பச்சமிளகா கொஞ்சூண்டு புளி போட்டு வேகவச்சு மத்தால கடைஞ்சா அந்த கொத்சுக்காகவே அண்ணன் பொங்கல கேட்டு வாங்கி சாப்பிடுவாரு. மாமியாருக்கும் இதுல ஒரு கரண்டி போட்டு பாருங்க, கினோவான்னு சொல்லாதீங்க.

உதிரியா வந்துச்சுன்னா எலுமிச்சை சாதம் மாதிரி பண்ணுங்க. நல்லா ஆறவச்சு, கடுகு, கடலப்பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மஞ்சத்தூள், பச்சமிளகா தாளிச்சு கடைசில எலுமிச்சை பிழிஞ்சு கிளறுனா மதிய டப்பாக்கு ஆச்சு. எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்ல, கினோவால இருக்கிற இரும்புச்சத்த ஒடம்பு இழுத்துக்க அந்த வைட்டமின் சி ஒதவும், அதே காரணத்துக்காக சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரமாவது போகட்டும். உப்புமா மாதிரி பீன்ஸ் கேரட் பட்டாணி போட்டும் பண்ணலாம், அதுக்கு நான் விளக்கவே தேவையில்ல, ரவை உப்புமா பண்ற கைக்கு அது தானா வரும். நம்ம ஊரு ஏப்ரல் மே வெயிலுக்கு தயிர்ல போடுறதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது, கொஞ்சம் கொழைய வேகவச்சு ஆறுனதும் கெட்டித்தயிர், துருவுன வெள்ளரிக்கா, கடுகு பெருங்காயம் தாளிச்சு, மேல மாதுளை நாலு முத்து, பிரிட்ஜ்ல அரை மணி நேரம். தோசை வேணும்னா இட்லி அரிசி ரெண்டு பங்கு, கினோவா ஒரு பங்கு, உளுந்து முக்கா பங்கு, கொஞ்சம் வெந்தயம், வழக்கம்போல ஊறவச்சு அரைச்சு புளிக்க வைங்க, மொறுமொறுன்னு வரும், ஆனா அதுல அரிசிதான் அதிகம்ங்கிறத ஞாபகம் வச்சு ரெண்டோட நிறுத்தணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், பையன் கினோவா பிரியாணின்னு வீடியோ அனுப்பியிருக்கான்னு எழுதியிருந்தீங்கல்ல, அது வேணாம்க்கா. ஆம்பூர் பக்கத்துல இருந்துக்கிட்டு சீரக சம்பா போடுற எடத்துல இத போட்டா ரெண்டும் கெட்டுப்போகும். பிரியாணி சாப்பிடணும்னா மாசத்துல ஒரு நாள் நெஜ பிரியாணியே அளவா சாப்பிட்டுட்டு போகட்டும்.

இப்ப சத்து விஷயம். சத்துதான், அதுல சந்தேகம் இல்ல. வேகாத கினோவா 100 கிராம்ல 14 கிராம் புரோட்டீன் இருக்கு, அரிசில 7, 8தான். புரோட்டீன் அமினோ அமிலம்ங்கிற துண்டுகளால ஆனது, அதுல ஒடம்பால தானா செஞ்சுக்க முடியாத ஒம்பதும் இதுல இருக்கு, குறிப்பா அரிசி கோதுமைல கம்மியா இருக்கிற லைசின் இதுல நல்லா இருக்கு. நார்ச்சத்து 7 கிராம், மெக்னீசியம் நெறைய, குளூட்டன் கிடையாது, அதனால கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோய் உள்ளவங்களுக்கு நெஜமாவே வரம். 2013ம் வருஷத்த ஐ.நா. சபை கினோவா வருஷம்னு அறிவிச்சதுக்கு அப்புறம் உலகத்துல இது இன்னும் பரவலாச்சு. ஆனா பையன் அனுப்புன அந்த வாட்ஸ்அப் பார்வர்ட்ல போட்டிருக்கிற மாதிரி "கறிக்கு சமம்" எல்லாம் இல்ல. நாம சாப்பிடுறது வெந்தத, வெந்த கினோவா ஒரு கப்ல 8 கிராம் புரோட்டீன், ஒரு முட்டைல 6 கிராம் இருக்கு, கணக்க நீங்களே போட்டுக்கோங்க. அரிசில கம்மியா இருக்கிற லைசின் பருப்புல நெறைய இருக்கு, சோத்துல சாம்பார் ஊத்தி சாப்பிடும்போது அந்த ஒம்பதும் ஒண்ணா வந்து சேந்துடுது, நம்ம பாட்டிங்க அமினோ அமிலம் படிக்காமலே அத பண்ணிட்டாங்க. அதனால கினோவா போட்டேன்னு பருப்ப, சுண்டல, முட்டைய கொறைக்காதீங்க.

சுகர்காரங்க எவ்ளோ வேணா சாப்பிடலாமான்னு கேட்டீங்க. கூடாதுக்கா. இந்த ஒரு விஷயத்த அண்ணன உக்கார வச்சு படிச்சு காட்டுங்க. வெந்த வெள்ளை சோறு ஒரு கப்ல 45 கிராம் மாவுச்சத்துன்னா வெந்த கினோவா ஒரு கப்ல 39 கிராம். பெரிய வித்தியாசமா இது? வித்தியாசம் எங்க இருக்குன்னா நார்ச்சத்துல, சோத்துல ஒரு கிராம் கூட தேறாது, கினோவால 5 கிராம் இருக்கு, அதனால சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏறுது. சாப்பிட்டது ரத்தத்துல சர்க்கரைய எவ்ளோ வேகமா ஏத்துதுன்னு காட்ட கிளைசெமிக் இன்டெக்ஸ்னு ஒரு அளவு சொல்லுவோம், பாலிஷ் போட்ட அரிசிக்கு 70ஐ ஒட்டி வரும், கினோவாவுக்கு 53 கிட்ட. மெதுவா ஏறும், ஏறாம இருக்காது. அண்ணன் பண்றது என்ன, தட்டு நிறைய கினோவா, அதுக்கு மேல சோறு ரசம். அரிசிய எடுத்துட்டு அந்த எடத்துல வைக்க வேண்டியத அரிசியோட கூட வச்சா சுகர் ஏறத்தான் செய்யும், அப்புறம் கினோவா வேலைக்கு ஆகலன்னு அது மேல பழி வரும். அவருக்கு ஒரு வேளைக்கு வேகாத கினோவா கால் கப், வெந்தா முக்கா கப் ஒட்டி வரும், அவ்ளோதான். தட்டுல பாதி காய், பொரியலோ கூட்டோ கீரையோ, கால் பங்கு பருப்பு முட்டை மீன் ஏதாவது, மிச்ச கால் பங்குதான் இது. சாப்பிட்ட மாதிரி இல்லன்னு அவரு சொல்றதுக்கு காரணம் வயிறு இல்ல, ரசம் ஊத்தி பிசைஞ்சு சாப்பிட்ட கை அது. மொத கொஞ்ச நாளைக்கு அரை பங்கு அரிசி அரை பங்கு கினோவா ஒண்ணா வேகவச்சு ரசம் ஊத்தி குடுங்க, பழகுனதும் அரிசிய கொறைச்சுக்கலாம்.

வீட்டுல குளுக்கோமீட்டர் இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அத அலமாரில வச்சு என்ன பிரயோஜனம். ஒரு நாள் சோறு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாருங்க, இன்னொரு நாள் அதே கொழம்பு அதே பொரியலோட கினோவா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாருங்க. நான் சொல்றத விட, பையன் சொல்றத விட, அந்த ரெண்டு நம்பர் அண்ணனுக்கு நல்லா புரியும். இன்னொண்ணு, இது முக்கியம். அவரு எடுக்கிற மாத்திரை எதுன்னு நீங்க எழுதல. கிளிமிபிரைட், கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க திடீர்னு சோத்த பாதியா கொறைச்சா சுகர் ரொம்ப எறங்கி கை நடுக்கம், வேர்வை, படபடப்புன்னு வரும். சாப்பாட்ட மாத்துறதுக்கு முன்னாடி அவரு பாக்குற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி டோஸ் மாத்தணுமான்னு கேட்டுக்கோங்க, நீங்களா மாத்திரைய கொறைக்கவும் வேணாம் நிறுத்தவும் வேணாம்.

மாமியார் விஷயத்துல நான் அவங்க பக்கம். கேவுருல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் ஒட்டி கால்சியம் இருக்கு, கினோவால 50 கூட இல்ல. வயசான எலும்புக்கு கூழுதான் நல்லது, அத நிறுத்தவே நிறுத்தாதீங்க. நம்ம வடஆற்காட்டுல களியும் கூழும் தின்னு வளந்த ஒடம்பு அவங்களுது, அத கினோவா வந்து திருத்த வேண்டியதில்ல. அவங்களுக்கு இது குருவித் தீனியாவே இருக்கட்டும், ஆனா ஒரு சேதி மட்டும் சொல்லுங்க, கினோவா அரிசி கோதுமை மாதிரி புல்லு வகை இல்ல, கீரை ஜாதி. சக்கரவர்த்தி கீரை இருக்குல்ல, அதுக்கு நேரடி சொந்தம், தண்டுக்கீரையும் பீட்ரூட்டும் அதே குடும்பம்தான். கீரை வெதைன்னு தெரிஞ்சா ஒரு வேளை மனசு எறங்கலாம்.

யாரு பாத்து சாப்பிடணும்னா, கிட்னில கல்லு வந்து போனவங்க, ஏன்னா கீரை குடும்பத்துக்கே உள்ள ஆக்சலேட் இதுலயும் இருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு தண்ணி கம்மியா குடிக்கிறவங்களுக்கு கல்லு சகஜமா வருது. கிரியாட்டினின் கூடி கிட்னி வைத்தியத்துல இருக்கிறவங்களுக்கு இதுல பொட்டாசியமும் பாஸ்பரஸும் அரிசிய விட நெறைய, அவங்க டாக்டர கேக்காம தொடக்கூடாது. சுகர் ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்கு கிட்னியும் லேசா அடி வாங்கியிருக்கலாம், அண்ணனுக்கு சமீபத்துல கிரியாட்டினினும் யூரின் அல்புமினும் பாக்கலன்னா பாத்துடுங்க. மத்தபடி புதுசா சாப்பிடுறவங்களுக்கு மொத சில நாள் வயிறு உப்புசமா இருக்கும், சரியா கழுவலன்னா இன்னும் கூட, கொஞ்சமா ஆரம்பிச்சு தண்ணி நல்லா குடிச்சா அடங்கிடும்.

தினமும் வேணாம்க்கா, வாரத்துல ரெண்டு மூணு நாள், ஒரு வேளை போதும். மிச்ச நாளைக்கு சாமை, தினை, கேவுரு, கோதுமை, கொஞ்சமா அரிசின்னு மாத்தி மாத்தி வரட்டும். தீந்துட்டா திரும்ப வாங்கணுமான்னா, எல்லாருக்கும் புடிச்சிருந்து கையில காசு இருந்தா வாங்கலாம், ராஜஸ்தான் ஆந்திரா பக்கமெல்லாம் இப்ப வெளையுறதால முன்ன மாதிரி வெளிநாட்டு வெலை இல்ல, ஆனாலும் அரிசி வெலைக்கு மேலதான் இருக்கு. வாங்கலன்னாலும் ஒண்ணும் கொறைஞ்சுடாது. ஜவ்வாது மலைல வெளையுற சாமை நம்ம பக்கத்துலயே கெடைக்குது, அதோட ஒரு கப் கெட்டிப்பருப்பும் ஒரு பொரியலும் இருந்தா அண்ணனுக்கு தேவையானது அதுலயே வந்துடும், பையன்கிட்ட அத நான் சொன்னதாவே சொல்லுங்க. இப்ப இருக்கிற மிச்சத்த மட்டும் பத்திரமா வைங்க, இதுல எண்ணெய்ச்சத்து அரிசிய விட அதிகம், நம்ம ஊரு சூட்டுல வெளிய வச்சா சிக்கு வாசனை வந்துடும், காத்து போகாத டப்பால போட்டு பிரிட்ஜ்ல கீழ் தட்டுல வச்சுடுங்க, வேகவச்சதுன்னா மூணு நாளைக்குள்ள தீத்துடணும்.